காது போனவனும் முட்டி போனவனும்: ரக்பியா, கால்பந்தா?

என் அக்கா மகனுக்கு இடது காது இப்போது காது மாதிரியே இல்லை. மேல்மடிப்பு வீங்கி, உள்ளே ரத்தம் கட்டி, அப்படியே இறுகிப்போய், அடுப்பில் தீய்ந்த குழிப்பணியாரம் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவார்கள். அதில் பக்கத்து ஆளின் தலையிலும் இடுப்பிலும் உரசி உரசி வந்த வினை. அக்கா மூன்று நாள் மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அவனோ அதைப் பதக்கம் மாதிரி காட்டிக்கொண்டு திரிகிறான்.

எனக்குப் போனது வலது முட்டி. பெரம்பூர் பக்கம் ஒரு கட்டாந்தரையில், யாரும் என்னைத் தொடக்கூட இல்லை, பந்தை வெட்டித் திரும்பினேன், உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம். ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆக எங்கள் வீட்டில் ஒரு காதும் ஒரு முட்டியும் ஞாயிறு மதியம் கறிச்சோற்றுக்கு எதிரெதிரே உட்காரும்போது, எது ஆண்பிள்ளை ஆட்டம், எது நாகரிகமான ஆட்டம் என்ற சண்டை தானாக வந்துவிடும். டிவியில் எவனாவது முன்கள ஆட்டக்காரன் கீழே விழுந்து நாலு சுற்று உருண்டால் போதும், “என்ன மாமா, அங்கப்பிரதட்சணமா?” என்பான்.

சரி, முதலில் உடம்பு விஷயத்தை முடித்துவிடுவோம். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, ரக்பிதான் முரட்டு ஆட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர், 80 நிமிடம். பல்லுக்கு ஒரு ரப்பர் கவசம், வேண்டுமானால் தலைக்கு மெத்தென்று ஒரு தொப்பி, சட்டைக்குள் மெல்லிய பஞ்சுத் திண்டு, அவ்வளவுதான். (அமெரிக்காவில் ஹெல்மெட் போட்டு ஆடுகிறார்களே, அது வேறு. நம்மூரில் ரக்பி என்றதும் பாதிப் பேருக்கு அந்தப் படம்தான் மனதில் வருகிறது.) கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு டேக்கிள் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். தொடையைக் கட்டி, காலை வாரி ஆளை உட்கார வைப்பதுதான். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. கபடியில் பாடி வருபவன் நாலு எட்டுத்தான் வைப்பான். ரக்பியில் நூறு கிலோ ஆள் முப்பது மீட்டர் ஓடி வந்த வேகத்தோடு வருவான். அவனைச் சாய்த்துவிட்டு நீ எழுந்து அடுத்தவனுக்குத் தயாராக வேண்டும்.

போன வருஷம் மெரினா மணலில், “சும்மா இந்தத் திண்டைப் பிடிங்க மாமா, ஒரே ஒரு தடவை” என்றான். பிடித்தேன். அவன் ஐந்து எட்டு தள்ளி நின்று கிளம்பினான். முதுகு நேராக, தலையை ஒரு பக்கமாக ஒதுக்கி, தோளை மட்டும் கொண்டுவந்து இடித்தான். நான் மூன்றடி பின்னால் மணலில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு திரும்பி வர அரை நிமிஷம் ஆனது. சுண்டல் விற்ற பையன் சிரித்துவிட்டான். “தலை அவன் வயித்துக்கு முன்னாடி போயிடக் கூடாது மாமா, பக்கவாட்டுல ஒதுக்கி வைக்கணும். இல்லேன்னா கழுத்து போயிடும்” என்று அவன் பாடம் நடத்தியதெல்லாம் அதற்கு அப்புறம்தான் காதில் விழுந்தது.

ரக்பிக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாளாத கதை ஒன்று உண்டு. 1986 நவம்பரில் பிரான்ஸின் நான்ட் நகரில், நியூசிலாந்தின் வேன் ஷெல்ஃபர்டுக்கு ஒரு மிதியில் விதைப்பை கிழிந்தது. பல்லும் போனது. கோட்டோரத்தில் தையல் போடச் சொல்லிவிட்டு மறுபடி ஆட இறங்கினார். இதை அவன் எடுத்தால் நான் பெர்ட் ட்ரவுட்மனை எடுப்பேன். 1956-ல் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகளின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம், மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர். எதிராளியின் முட்டி கழுத்தில் மோதியது. மாற்று ஆள் இறக்கும் வழக்கமே அன்று கிடையாது, அதனால் மிச்சமிருந்த பதினேழு நிமிடம் போல நின்று கோலைக் காத்தார், அணியும் 3-1 என்று ஜெயித்தது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. விதைப்பையா கழுத்தா என்று எடை போட்டுப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. கால்பந்துக்காரன் என்றாலே சுண்டினால் அழுகிறவன் என்று பேசுவதை நிறுத்தினால் போதும்.

கால்பந்தின் கஷ்டம் வேறு ரகம். நடுக்கள ஆட்டக்காரன் ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறான். ரக்பியில் ஸ்க்ரம் தள்ளும் முன்வரிசைக்காரன் அதில் ஏறக்குறைய பாதிதான். மே மாதம் காலை ஒன்பது மணிக்கு வியாசர்பாடி மண்ணில் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தால் அந்தப் பாதி எவ்வளவு நீளம் என்று தெரியும். இன்னொன்று, ரக்பிக்காரனுக்கு அடி விழும் என்று தெரியும். உடம்பை இறுக்கி வைத்திருப்பான். கால்பந்தில் கண் பந்தில் இருக்கும், ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும், அப்போது பக்கத்திலிருந்து எதிராளி பூட்ஸின் அடிக்குமிழ், ஸ்டட்ஸ், வந்து கணுக்காலில் இறங்கும். உருளுகிறவனில் எத்தனை பேர் நடிக்கிறான், எத்தனை பேருக்கு நிஜமாக உயிர் போகிறது என்று சோபாவில் இருந்துகொண்டு சொல்ல முடியாது.

ஆனால் தலை என்று வரும்போது இந்தப் பெருமைப் பேச்சு எங்கள் இருவருக்குமே அடங்கிவிடும். 2003-ல் ரக்பி உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் ஆடிய ஸ்டீவ் தாம்சனுக்கு, நாற்பது சொச்சம் வயதிலேயே மறதி நோய். கோப்பையை ஜெயித்ததே தனக்கு நினைவில்லை என்று 2020-ல் வெளிப்படையாகச் சொன்னார். இப்போதெல்லாம் பெரிய ஆட்டங்களில் தலையில் அடிபட்டவனை வெளியே கூட்டிப்போய்ச் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், விடாமலும் போகிறார்கள். கால்பந்துக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விட முடியாது. ஸ்காட்லாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடம் மூன்றரை மடங்கு அதிகம் என்று வந்தது. தலையால் பந்தை முட்டுவதுதான் காரணமோ என்ற சந்தேகம் அதற்கு அப்புறம் வலுத்துவிட்டது.

இனி நடத்தை. என் அக்கா மகன் குரலை உயர்த்துவது இங்கேதான். ரக்பியில் நடுவரிடம் பேசுகிறவர் அணித்தலைவர் மட்டும். அதுவும் ‘சார்’ போட்டு. முணுமுணுத்தால் தண்டனை உதை பத்து மீட்டர் முன்னால் போய்விடும். பெரிய ஆட்டங்களில் நடுவருக்கு மைக் மாட்டியிருப்பதால் அவர் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்பது டிவி பார்க்கிறவனுக்கும் கேட்கும். வேல்ஸ் நாட்டு நடுவர் நைஜல் ஓவன்ஸ், 2012-ல் எதிர்த்துப் பேசிய ஒருவனைக் கூப்பிட்டு, இது கால்பந்து இல்லை என்று சொல்லி அனுப்பியது எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு முறை ஒலிக்கும். கால்பந்தில் பெனால்ட்டி கொடுத்துவிட்டால் எட்டுப் பேர் ஓடிவந்து நடுவர் மூஞ்சிக்கு நேரே கத்துவார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, நான் ஒத்துக்கொள்கிறேன். 2024 யூரோ கோப்பையில் தலைவர் மட்டும்தான் நடுவரை அணுகலாம் என்று கொண்டுவந்தார்கள். ரக்பியைப் பார்த்துக் கற்றது என்று அவன் சொன்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் நடுவருக்கு மரியாதை கொடுப்பதும் நேர்மையாக ஆடுவதும் ஒன்றில்லை. அவன் குழப்புவது அங்கேதான்.

கால்பந்தில் ஏன் சீன் போடுகிறார்கள்? கோல் அரிது. பல ஆட்டங்களில் இரண்டு மூன்று கோலோடு கதை முடிந்துவிடும். கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்குள் விழுந்து நடுவரை நம்ப வைத்துவிட்டால் பெனால்ட்டி, நாலில் மூன்று பங்கு அது கோல்தான். ஒரு நடிப்புக்கு முழு ஆட்டமே கூலியாகக் கிடைக்கிறது என்றால் எவனுக்குத்தான் சபலம் வராது? 2002 உலகக் கோப்பையில் துருக்கிக்காரன் உதைத்த பந்து தொடையில் பட்டதற்கு பிரேசிலின் ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். எதிராளி வெளியேற்றப்பட்டார். ரிவால்டோவுக்கு அபராதம் பதினோராயிரம் சொச்சம் சுவிஸ் ஃபிராங்க். அந்தப் பணம் அவருக்கு டீக்காசு. ரக்பியில் விழுந்து புரள்வதில் லாபம் குறைவு. எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ட்ரை, அதற்கு ஐந்து புள்ளி, பெனால்ட்டி உதைக்கு மூன்று, ஆட்டம் முழுக்கப் புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் ரக்பியில் ஏமாற்று இல்லையா? இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஆள்மேல் ஆள் விழுந்து கிடக்கும் குவியலுக்கு அடியில் எந்தக் கை பந்தை அமுக்குகிறது என்று கேமராவுக்கே தெரியாது. 2002-ல் ஐரோப்பிய ரக்பி கிளப்புகளின் ஹெய்னெக்கன் கோப்பை இறுதியில், கடைசி நேரம், மன்ஸ்டர் அணி எதிராளியின் கோட்டுக்கருகே ஸ்க்ரம்மில் பந்தைப் போடப் போகிறது. எதிரணியான லெஸ்டரின் நீல் பேக், மன்ஸ்டரின் பீட்டர் ஸ்ட்ரிங்கர் கையிலிருந்த பந்தை அப்படியே தட்டிவிட்டார். நடுவர் மறுபக்கம் நின்றிருந்தார். லெஸ்டர் 15-9 என்று ஜெயித்தது. 1986 கால்பந்து உலகக் கோப்பையில் கோலடித்த மரடோனாவின் கை இன்றுவரை திட்டு வாங்குகிறது. பேக்கின் கையை, சாமர்த்தியம் என்று பாராட்டியவர்களும் உண்டு.

அதைவிட மோசம் 2009. ஹார்லெக்வின்ஸ் என்ற ஆங்கிலேய ரக்பி அணியின் டாம் வில்லியம்ஸ் வேடிக்கைச் சாமான் கடையில் வாங்கிய போலி ரத்த மாத்திரையை வாயில் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். ரத்தம் வந்தவனுக்கு மாற்று ஆள் இறக்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தத்தான் இந்த வேலை. மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அணி மருத்துவரே பின்னால் அவர் உதட்டை நிஜமாகக் கீறிவிட்டார். பயிற்சியாளர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்று வருஷத் தடை. அன்றைக்கும் நடுவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். கால்பந்தின் பெரிய சீன் பார்ட்டிகூட மருத்துவரைக் கூட்டுச் சேர்க்கவில்லையே என்பேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருப்பான்.

கால்பந்திலும் நல்லது நடக்கும். 2000 டிசம்பரில் எவர்ட்டன் கோல்கீப்பர் காயத்தோடு கீழே கிடக்க, காலியான கோல் கண்ணெதிரே இருக்க, தன்னிடம் வந்த பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார் எதிரணியான வெஸ்ட் ஹாமின் பாவ்லோ டி கேனியோ. 2012-ல் இத்தாலியின் லாட்சியோ அணிக்கு ஆடிய மிரோஸ்லாவ் க்ளோசே, கோல் என்று நடுவர் கொடுத்துவிட்ட பிறகு, பந்து என் கையில் பட்டது என்று தானே போய்ச் சொன்னார்.

முரடர்கள் ஆடும் ஆட்டம் கால்பந்து, கனவான்கள் ஆடும் ஆட்டம் ரக்பி என்கிற மாதிரி ஒரு பழைய ஆங்கிலேயப் பேச்சு உண்டு. அதைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரியும். அது ஆட்டத்தைப் பற்றியதில்லை, யார் பணக்காரப் பள்ளியில் படித்தான், யார் ஆலையில் வேலை பார்த்தான் என்பதைப் பற்றியது. இந்தியாவுக்கு ரக்பி வந்ததும் துரைமார்களோடுதான். கல்கத்தாவில் இருந்த கிளப்பை மூடியபோது வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து, 270 நாணயங்களை உருக்கிக் கோப்பை செய்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் ஆடும் கல்கத்தாக் கோப்பை அதுதான். சென்னையிலும் ரக்பி ரொம்ப நாள் ஜிம்கானா கிளப் பக்கத்து ஆட்டமாகவே இருந்தது. கால்பந்து வியாசர்பாடிப் பையன்களின் ஆட்டம். அந்தச் சந்துகளிலிருந்து வந்த நந்தகுமார் சேகர்தான் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்தார். இப்போது காலம் மாறுகிறது. 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையைத் தூக்கியது. என் அக்கா மகன் படிக்கிற கல்லூரியில் ஸ்க்ரம்மில் தோள் கொடுப்பவர்களில் பாதிப் பேர் ஊரில் கபடி ஆடியவர்கள்.

போன ஞாயிறு எங்கள் அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. அவனைப் பின்களத்தில் நிறுத்தினேன். பந்தைவிட்டு ஆளைக் கட்டிப்பிடித்து இரண்டு ஃபவுல் கொடுத்தான், அது போகட்டும். இரண்டாம் பாதியில் தெளிவாக எங்களுக்கு வரவேண்டிய த்ரோவை நடுவர் மாற்றிக் கொடுத்துவிட்டார். நான் உட்பட ஏழெட்டுப் பேர், நொண்டிக்கொண்டே ஓடியவர்கள் உட்பட, அவரைச் சுற்றி நின்று கத்தினோம். அவன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். நான் திரும்பி, “நீயும் வந்து சொல்லேன்டா!” என்றேன்.

“நம்ம கேப்டன் யாரு மாமா?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினோரு வருஷமாக ஆடுகிறோம், அப்படி ஒருவரை வைத்துக்கொண்டதே இல்லை.