மான் விதைப் பையில் படத்தைப் பார்க்காதீர்கள், சீட்டைப் பாருங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் வெட்டவெளி இருக்கிறது. நவம்பர் 15 அன்று துப்பாக்கி வேட்டை தொடங்கும்போது மான்கள் அங்கே மேய வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டிராக்டர் கிடையாது. அதனால் ‘உழ வேண்டாம், தூவினால் போதும்’ என்று விற்ற ஒரு விதைக் கலவையை இணையத்தில் 10 பவுண்டு வாங்கினேன். 90 டாலர். பை முழுக்கக் கொம்பு விரிந்த கடா மான், அதன் காலடியில் பெரிய பெரிய டர்னிப் (முள்ளங்கி போன்ற கிழங்கு) இலைகள்.

அக்டோபர் வரை தூவலாம் என்று பையிலேயே போட்டிருந்தது. நம்பி செப்டம்பர் கடைசியில் தூவினேன். மூன்று வாரத்தில் பச்சை வந்தது, ஆனால் அத்தனையும் புல். வீட்டு முன்னால் இருக்கும் புல்தரை போலவே இருந்தது. மான்கள் ஓரமாக நடந்து ஓக் மரத்தடிக்குப் போய்விட்டன.

அப்புறம்தான் பையில் என்னென்ன எத்தனை சதவீதம் என்று சொல்லும், அடியில் இருந்த சின்னச் சீட்டைப் படித்தேன். ஒரு வருட ரைகிராஸ் என்ற புல் 52 சதவீதம். விதையே அல்லாத பொருள் 34 சதவீதம், அதாவது விதைமேல் பூசிய பூச்சு. டர்னிப்பும் குளோவர் என்ற தீவனச் செடியும் சேர்ந்தே 12 சதவீதம்தான். பூச்சு கெட்டது என்று சொல்லவில்லை, குளோவருக்கு வேர்முடிச்சு பாக்டீரியாவை ஒட்டவைக்க அது உதவும். ஆனால் 3.4 பவுண்டு பூச்சை விதை விலைக்கு விற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி இந்த விவரம் சீட்டில் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் இணையப் பக்கத்தில் சீட்டின் படம் மட்டும் இல்லை.

ரைகிராஸ் வேறு, ரை வேறு. ரை என்பது கோதுமைக்கு உறவான தானியம். மண்மேல் கிடந்தாலே முளைக்கும், குளிரிலும் வளரும், மானும் விரும்பித் தின்னும். ரைகிராஸ் வெறும் புல். விதை உதிர்த்துவிட்டால் அடுத்த வருடமும் விடாது. பெயர் ஒன்றுபோல இருப்பதில் பலர் ஏமாறுகிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “மழை போதவில்லை, நீங்கள் சரியாகத் தூவவில்லை” என்றார்கள். டர்னிப் பெரிதாக வளர இரண்டு மாதமாவது வேண்டும், செப்டம்பர் கடைசியில் தூவினால் இங்கே குளிருக்கு முன் எப்படி வரும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

அடுத்த வருடம் விவசாயிகள் கூட்டுறவுக் கடையில் 56 பவுண்டு ரை மூட்டை ஒன்றை வாங்கினேன். அந்தப் பையின் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஆகஸ்டில் களைக்கொல்லி அடித்து, காய்ந்த புல்லை ஒட்ட வெட்டி, செப்டம்பர் முதல் வாரத்தில் மழைக்கு முந்தின நாள் தூவினேன். விதை மண்ணைத் தொட வேண்டும், உழாமல் செய்வதில் முக்கியமே அதுதான். அந்தப் பையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ரை நன்றாக வந்தது, மானும் வந்தது. ஆனால் பழைய ரைகிராஸ் இன்னும் ஓரங்களில் தலைகாட்டுகிறது. கதிர் விடுவதற்குள் வெட்டிக்கொண்டே இருக்கிறேன்.