சோறா, எண்ணெயா, புரதமா? எடை குறைக்க எதில் கை வைப்பது

எடையைக் குறைக்கப் போகிறேன் என்று யாராவது வாய் திறந்தால், நம் வீடுகளில் அடுத்த கேள்வி, "அப்ப சோத்த விட்டுட்டியா?" என்பதுதான். சிலர் சோற்றைக் குறை சொல்ல விடமாட்டார்கள். நெய், தேங்காய்ப்பால், பொரிக்கிற எண்ணெய், இவைதான் அவர்களுக்குக் குற்றவாளிகள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளையர்களோ புரதத்தைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. இந்த மூன்று கட்சிகளில் யார் சொல்வது சிங்கப்பூரில் வேலைக்குப் போய், வெளியில் பாதி வேளை சாப்பிடுகிற ஒருவருக்குச் சரிப்பட்டு வரும்?

கணக்குப்படி எண்ணெய்க் கட்சிதான் ஜெயிக்க வேண்டும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. 100 கிராம் வெள்ளைச் சோறு சுமார் 130. சோற்றைத் தட்டில் பார்க்கிறோம், பயப்படுகிறோம். குழம்பில் மிதக்கிற அந்த ஒரு கரண்டி யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனால் மனிதர்களை வைத்துப் பார்த்தபோது கணக்கு அப்படி வரவில்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பையும் மற்றதற்கு மாவுச்சத்தையும் குறைத்துப் பார்த்த முடிவு வெளிவந்தது. 12 மாதத்தில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. ஒரே குழுவுக்குள் இருபது கிலோவுக்கு மேல் இறங்கியவரும் இருந்தார், எடை ஏறியவரும் இருந்தார். சர்க்கரையையும் மைதா வகையறாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொன்னது மட்டும் இரண்டு குழுவுக்கும் பொது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தப் பொது அறிவுரைதான்.

ஆகவே எது நமக்குத் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க வேண்டும்.

சோற்றைக் குறைப்பதில் ஒரு கவர்ச்சி உண்டு: முதல் வாரத்திலேயே எடைக்கருவி இறங்கும். உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனும் அதோடு ஒட்டியிருக்கிற தண்ணீரும் போவதுதான் அதில் பெரும்பகுதி. இரண்டாம் வாரத்தில் வேகம் குறைந்ததும் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். சீனர் கடையில் இதைப் பின்பற்றுவது எளிது. மீன் சூப்பைச் சோறில்லாமல் கேட்கலாம், யோங் தௌ ஃபூவை (தோஃபு, காய், மீன் உருண்டை போட்ட சூப்) மீ இல்லாமல் கேட்கலாம், யாரும் ஏற இறங்கப் பார்க்கமாட்டார்கள். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நம் கடையில் போய் நில்லுங்கள். தோசை, இட்லி, பிராட்டா, பிரியாணி... மாவுச்சத்தை எடுத்துவிட்டால் தட்டில் சட்னிதான் மிஞ்சும். மாவுச்சத்தை மிகவும் குறைக்கிற கீட்டோ உணவுமுறை என்றால் நாளுக்குச் சுமார் 50 கிராமுக்குள் மாவுச்சத்து. இரண்டு தோசையிலேயே அது ஏறக்குறைய முடிந்துவிடும். சிலருக்குக் கெட்ட கொழுப்பும் ஏறுகிறது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், சில மாத்திரைகளோடு கீட்டோ சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயமும் உண்டு.

எண்ணெயைக் குறைப்பது நம் சமையலுக்கு ஒத்துவரும். தாளிக்கிற ஒரு தேக்கரண்டியால் யாரும் குண்டாகவில்லை. பிராட்டா, வடை, மீ கோரேங், தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், இவற்றை வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இதில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணெயை விட்டவர் பசிக்கும்போது பிஸ்கட்டையும் தேயையும் (தேநீர்) தேடிப் போகிறார். கோப்பிக் கடையில் சும்மா "தே" என்றால் கட்டிப்பால், சீனி எல்லாம் வந்துவிடும். "தே ஓ" என்றால் பால் போகும், சீனி போகாது. "தே சி கோசோங்" என்றால்தான் சீனியில்லாத பால் தே. அடைத்து விற்கும் பானங்களில் 2022 டிசம்பர் முடிவிலிருந்து சீனி, கொழுப்பு அளவைக் காட்டும் A முதல் D வரையிலான நியூட்ரி-கிரேட் எழுத்துகள் இருக்கின்றன, பார்த்து வாங்கலாம்.

புரதக் கட்சியினர் ஷேக்கரில் கலக்கிக் குடிக்கும் பொடியை விட்டுவிடுவோம். ஆனால் அவர்கள் சொல்வதில்தான் நமக்குத் தேவையான விஷயம் இருக்கிறது. புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு அதிகபட்சம் 3 சதவீதம்தான். வயிறும் நெடுநேரம் நிறைந்திருக்கும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் தடுக்க, உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்பது வழக்கமான பரிந்துரை. 70 கிலோ உள்ளவருக்கு 84 முதல் 112 கிராம். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

இப்போது நம் ஒரு நாளைப் பாருங்கள். காலை இட்லி, மதியம் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, சாயங்காலம் வடை, இரவு தோசை. இதில் புரதம் எங்கே? "பருப்பு இருக்கே" என்பார்கள். வெந்த பருப்பில் புரதத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, அதுவும் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். அசைவ வீட்டிலும் கோழிக்குழம்பு என்றால் இரண்டு துண்டும் நிறைய குழம்பும்தான். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டில் பாதி காய்கறி பழம், கால் பகுதி முழுத்தானியம், கால் பகுதி புரதம். நம் வாழையிலையில் நடுவில் மலை, ஓரத்தில் காய்.

அதனால் என் ஓட்டு இப்படி: சோற்றை நிறுத்தாதீர்கள், எண்ணெயை எண்ணாதீர்கள், முதலில் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி புரதம் வையுங்கள். மீன், கோழி, இரண்டு முட்டை, எதுவானாலும். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு இரண்டாவது முறை சோறு கேட்கிறவர் குறைவு. அதோடு நிற்காமல், பொரித்ததையும் சீனித் தேயையும் குறைக்க வேண்டும். புரதத்தைக் கூட்டி மற்றதை அப்படியே வைத்தால் எடை ஏறத்தான் செய்யும்.

சைவர்களுக்கு இதுதான் கடினம், புரட்டாசியில் மட்டும் சைவமாகிறவர்களுக்கும்தான். மீன் போன இடத்தில் உருளைக்கிழங்கும் அப்பளமும் வந்து உட்கார்ந்துவிடும். இந்த ஊரில் இருக்கிற வசதி, பக்கத்து ஈரச்சந்தையிலேயே தௌ குவாவும் (கெட்டித் தோஃபு) தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா) மலிவாகக் கிடைப்பது. தெம்பே 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம், ஏறக்குறைய மூன்று முட்டைக்குச் சமம். மிளகு, சோம்பு போட்டு வறுவல் செய்தால் நன்றாகவே இருக்கும், எண்ணெயில் முக்கிப் பொரிக்காத வரை.