ஆட்டிசம் உள்ளவர் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்க: சென்னையில் இரண்டு வங்கிக் கிளைகள்

என் தம்பிக்கு 24 வயது, ஆட்டிசம் உண்டு, பி.காம். முடித்தவன், ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் வாங்க அவன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும், அவ்வளவுதான். வங்கிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒன்று எங்கள் வீட்டுப் பக்கம், இன்னொன்று அச்சகத்துக்கு அருகில்.

முதலில் வீட்டுப் பக்கத்துக் கிளை. ஆதார், பான் கார்டு, யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தருகிற அடையாள அட்டை) எல்லாவற்றையும் அவனே எடுத்துக் கொடுத்தான். கவுண்டரில் இருந்தவர் யூடிஐடி அட்டையைப் பார்த்த நிமிடத்திலிருந்து பேச்சு முழுக்க என்னிடம்தான். "தம்பிக்குக் கையெழுத்துப் போட வருமாம்மா?" அவன் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறான்! மேலாளர் இன்னும் ஒரு படி மேலே போய், கார்டியன் சர்டிபிகேட் இல்லாமல் முடியாது, இல்லையென்றால் அப்பா பெயரில் தொடங்கி அதில் சம்பளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டேன். கொடுக்கவில்லை.

இந்த சர்டிபிகேட் என்னவென்று தெரியாதவர்களுக்கு: 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் கலெக்டரும் இருக்கிற உள்ளூர்க் குழு ஒரு பாதுகாவலரை நியமிக்கலாம். அந்தச் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. தேவைப்படுகிற குடும்பங்களுக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆளுக்குப் பாதுகாவலர் தேவையா, எதற்குத் தேவை என்று குழு பார்க்க வேண்டும் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. ஆட்டிசம் என்று அட்டையில் இருந்தாலே கட்டாயம் என்று எங்கே இருக்கிறது?

கணக்குத் தொடங்குவதும் வங்கியோடு செய்கிற ஒப்பந்தம்தான். அதற்கான 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 12வது பிரிவு அந்த மேலாளரைவிடத் தெளிவு. ஒப்பந்தம் செய்கிற அந்த நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தனக்கு அதனால் என்ன ஆகும் என்று யோசித்து முடிவெடுக்க முடிகிறதா, அதுதான் கேள்வி. நோயின் பெயரை அது கேட்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13வது பிரிவோ, மற்றவர்களுக்குச் சமமாகச் சட்டத் தகுதி உண்டு, தன் பணத்தைத் தானே நிர்வகிக்கலாம் என்கிறது. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அந்த ஏற்பாட்டை மாற்றலாம், கலைக்கலாம். துணைக்கு இருப்பவர் தன் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது (அக்காக்களுக்கும் சேர்த்துத்தான்).

சரி, இரண்டாவது கிளை. ஹாலில் டோக்கன் மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, தம்பி காதைப் பொத்திக்கொண்டான். அங்கிருந்த அதிகாரி அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே ஒரு அறைக்கு அழைத்துப் போனார். படிவத்தை அவனிடம் நீட்டி, "படிச்சுப் பாருங்க, அவசரமில்லை" என்றார். நிஜமாகவே படித்தான், பின்பக்கத்துப் பொடி எழுத்து உட்பட. அப்புறம் நிமிர்ந்து, மினிமம் பேலன்ஸ் குறைந்தால் பிடிக்கிற தொகை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டான். அவருக்கே தெரியவில்லை, பக்கத்து மேசையில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். நாம் எத்தனை பேர் இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்? அவன் கையெழுத்து ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வரைந்த மாதிரி இருக்கும். அதற்கும் முகம் சுளிக்கவில்லை, எப்போதும் இப்படியே போடுங்கள் என்று மட்டும் சொன்னார். நாமினியாக யாரைப் போடுவது என்பதையும் அவனிடமேதான் கேட்டார். அம்மா பெயரைச் சொன்னான், என் பெயரை இல்லை!

குறையும் இருக்கிறது. நெட் பேங்கிங் படிவத்தைக் கேட்டால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நழுவினார்கள். ஏடிஎம் கார்டை ஆக்டிவேட் செய்ய அழைத்தால் வருகிற பதிவுக் குரல் ஓடுகிற ஓட்டத்தில் எனக்கே பாதி புரியவில்லை.

முதல் கிளைக்கு 5க்கு 1, அதுவும் தண்ணீர் கொடுத்ததற்காக. இரண்டாவதற்கு 4. மறுக்கப்பட்டவர்கள் அதே வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. நாங்கள் முதல் படி வரை போயிருக்கிறோம். பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.