தாய் டேபிளின் இண்டெக்ஸ் பிள்ளைக்கும் சேர வேண்டுமா?

கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் ஐஸ் வியாபாரி ஒருவருக்கு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் கணக்கு செய்து கொடுத்தேன். 'படகு' தாய் டேபிள், அதாவது பிள்ளை டேபிள்கள் தங்கள் அமைப்பைப் பெறும் மூல அட்டவணை. கீழே 'விசைப்படகு', 'ஃபைபர்' என இரண்டு பிள்ளைகள். பதிவெண்ணுக்குத் தாயில் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் தேடல் பட்டியல்) போட்டிருந்தேன். அப்படியும் ஒருநாள் ஒரே பதிவெண்ணுக்கு இரண்டு வரி வந்து நின்றது. ஐஸ் பாக்கி பாதி விசைப்படகில், மீதி ஃபைபரில்.

போஸ்ட்கிரெஸ் மரபுரிமையில் காலம்களும் (column), செக் (மதிப்பைச் சோதிப்பது), நாட் நல் (காலியாக விடக்கூடாது என்பது) விதிகளும் பிள்ளைக்கு இறங்கும். இண்டெக்ஸ், யூனிக், ஃபாரின் கீ (இன்னொரு டேபிளில் இருக்கும் மதிப்பை மட்டும் ஏற்கும் விதி) இறங்காது. தாயின் இண்டெக்ஸ் தாயிலுள்ள வரிகளுக்கு மட்டும்தான். என் தாய் டேபிளிலோ ஒரு வரிகூட இல்லை!

இந்த முறையில் நல்லதும் உண்டு. குதிரைத்திறன் காலம் விசைப்படகில் மட்டும் இருக்கிறது, அதற்கான இண்டெக்ஸும் அங்கே போதும். ஆனால் புதுப் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் நாமே ஞாபகமாக இண்டெக்ஸ் போட வேண்டும்.

ஒரே டேபிளை ஏதாவது ஒரு மதிப்பின்படி துண்டுகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் டேபிளில் அந்த மறதி இல்லை. 2018இல் வந்த பதிப்பு 11 முதல், தாயில் போடும் இண்டெக்ஸ் எல்லாப் பிள்ளைகளிலும் தானாக உருவாகிறது. வேகத்துக்கான இண்டெக்ஸ் என்றால் என் ஓட்டு இதற்கே. ஆனால் பிள்ளைக்கென்று தனிக் காலம் வைக்க முடியாது. யூனிக் வேண்டுமென்றால் பார்ட்டிஷன் கீயும் (எதை வைத்துப் பிரிக்கிறோமோ அதுவும்) அதில் சேர வேண்டும். படகு வகையை கீயாக வைத்தால் வகையும் எண்ணும் சேர்ந்துதான் யூனிக். என் கோளாறு அப்படியே இருக்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் என்பது ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸின் குளோபல் இண்டெக்ஸ். அர்த்தப்படி சரியானது இதுதான். விலையும் உண்டு: ஒரு பார்ட்டிஷனை நீக்கும்போது இண்டெக்ஸையும் புதுப்பிக்கச் சொல்லாவிட்டால் அது பயன்படாமல் போய்விடும். பழைய வருடக் கணக்கை அடிக்கடி கழற்றுபவருக்குத் தலைவலி. படகுப் பட்டியலை யாரும் அப்படிக் கழற்றுவதில்லை. போஸ்ட்கிரெஸில் இது இருந்திருந்தால் யோசிக்காமல் எடுத்திருப்பேன்.

இல்லை என்பதால், விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உட்கார்ந்து சரிசெய்தேன். 'பதிவெண்' என்று தனி டேபிள், எண் அதில் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியின் தனி அடையாளம்), பக்கத்தில் வகை. இரண்டையும் சேர்த்தும் ஒரு யூனிக். ஒவ்வொரு பிள்ளையிலும் வகை காலத்தைச் செக் போட்டுப் பூட்டி, எண்ணையும் வகையையும் சேர்த்து ஃபாரின் கீ கொடுத்தேன். பிள்ளைக்குள் எண்ணுக்குத் தனி யூனிக். விசைப்படகாகப் பதிந்த எண்ணை ஃபைபரில் அடித்தால் இப்போது உடனே பிழை வருகிறது.