டோக்கன் ரிங் ஹப்: மின்சாரமே வேண்டாத பெட்டியா, விளக்கு எரியும் பெட்டியா?

டோக்கன் ரிங் என்பது கணினிகளை ஒரு வளையமாக இணைத்து, சுற்றிவரும் 'டோக்கன்' கையில் கிடைத்தவரை மட்டும் பேசவிடும் பழைய வலைப்பின்னல் முறை. எல்லாக் கேபிளும் வந்து சேரும் நடுப்பெட்டிதான் ஹப். இதை இன்றைக்கும் தொட வேண்டியிருப்பவர்கள் இரண்டே வகை. ஐபிஎம்மின் பிஎஸ்/2, ஏஎஸ்/400 மாதிரி பழைய கணினிகளைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் ஆசைக்காரர்கள் ஒரு பக்கம், வேறு வலைப்பின்னல் அட்டையே போட முடியாத ஏதோ ஒரு பழைய கருவியைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் இன்னொரு பக்கம். நான் முதல் வகை. இருவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ஹப்பை வாங்குவது?

அதற்கு முன், "ரெண்டே கணினிதான், ஹப் எதுக்கு, ஈதர்நெட்டில் செய்வதுபோல் இரண்டையும் நேராக இணைக்கும் ஒரு கிராஸ் கேபிள் போட்டால் போதாதா" என்று கேட்பவர்களுக்கு: போதாது. சாதாரண டோக்கன் ரிங் அட்டை வளையத்தில் சேருவதற்கு முன் தன் கேபிளைத் தானே சோதிக்கும். தான் அனுப்பியது அப்படியே தனக்குத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். ஹப்பின் போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, ஓய்வில் இருக்கும்போது அந்தக் கேபிளைத் திருப்பிவிட்டு வைத்திருப்பதால்தான் அது திரும்பி வருகிறது. எதிர்முனையில் இன்னொரு அட்டை இருந்தால் எதுவும் திரும்பாது, அட்டையும் சோதனையில் தோற்று நின்றுவிடும்.

சரி, சோதனை தேறினால் என்ன ஆகும்? அட்டை அதே கேபிளில் சின்னதாக ஒரு டிசி மின்னழுத்தம் கொடுக்கும். பேன்டம் என்பார்கள், சுமார் 5 வோல்ட். அது ஹப்பில் உள்ள ரிலேயை, அதாவது மின்சாரத்தால் திரும்பும் சுவிட்சை, இழுக்கும், 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கணினி வளையத்துக்குள் வந்துவிடும். அணைத்தால் ரிலே பழைய இடத்துக்குப் போய் வளையம் மூடிக்கொள்ளும். எந்த ஹப்பை எடுத்தாலும் அடிப்படை இந்த ரிலேதான். ஏதாவது கெட்டால் அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடிகிறது என்பதில்தான் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது. நான் ஒப்பிடுவதும் அதை வைத்துத்தான். வேகத்தை வைத்து அல்ல, எல்லாம் அதே 4 அல்லது 16 எம்பிபிஎஸ்தானே.

முதலில் ஐபிஎம் 8228. எம்ஏயூ (டோக்கன் ரிங் ஹப்புக்கு வழங்கும் பெயர்) என்றாலே பலருக்கும் மனதில் வருவது இந்த நீளப் பெட்டிதான். எட்டு போர்ட், இரண்டு ஓரத்திலும் அடுத்த ஹப்போடு இணைக்க ரிங் இன், ரிங் அவுட். மின்சார வயர் கிடையாது, விளக்கு கிடையாது, சுவிட்ச் கிடையாது. ரிலேயை இழுக்கும் மின்சாரம் கணினியிலிருந்தே வருகிறது. வேகத்தை அமைக்கும் வேலையும் இல்லை, அட்டைகள் எந்த வேகத்தில் பேசுகின்றனவோ அதுதான் வளையத்தின் வேகம். பவர் சப்ளை இல்லாததால் வீங்கி வழியும் கெப்பாசிட்டரும் இல்லை. பல வருடம் அலமாரியில் கிடந்த பெட்டியை எடுத்துத் துடைத்து மாட்டலாம்.

துடைத்து மாட்டலாம் என்று சொன்னேனே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பார்சலில் வந்த 8228ஐ அப்படியே மேசையில் வைத்து நான்கு கேபிளைச் செருகினேன். இரண்டு கணினியை மட்டும் போட்டேன். வளையம் எழவே இல்லை. அட்டை போச்சு என்று நினைத்து மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், இரண்டு இரவு போனது. கடைசியில் பார்த்தால் ஐந்தாம் போர்ட்டின் ரிலே, வழியில் எங்கேயோ குலுங்கியதில், 'உள்ளே' நிலையிலேயே நின்றுபோயிருந்தது. அந்த கேபிளின் மறுமுனையில் இருந்ததோ அணைத்து வைத்த கணினி. வளையம் அதன் வழியாகப் போய் அங்கேயே செத்துக்கொண்டிருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த விசித்திரம் இல்லை. இதற்காகவே 8228உடன் 'செட்டப் எய்ட்' என்று கையடக்கமான ஒரு கருவி வந்தது. பெட்டியை நிறுவும் முன் எட்டு போர்ட்டிலும் ஒவ்வொன்றாக அதைச் செருகி ரிலேக்களை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். ரிங் இன், ரிங் அவுட் இரண்டிலும் செருகக் கூடாது. பழைய பெட்டி வாங்கும்போது இந்தக் கருவி பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். பரவாயில்லை, நான் இப்போது செய்வது இதுதான்: ஒரே ஒரு கணினி, ஒரே ஒரு நல்ல கேபிள். முதல் போர்ட்டில் செருகி அட்டையை வளையத்தில் சேர்த்து, 'டக்' கேட்டதும் விலக்கி, மறுபடியும் 'டக்' கேட்கிறதா என்று பார்த்து, அடுத்த போர்ட்டுக்குப் போவது. காதைப் பெட்டிமேல் வைத்தால் தெளிவாகவே கேட்கும். ஒரு போர்ட் வாய் திறக்கவில்லை என்றால் அதில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுவேன்.

8228இன் உண்மையான தொல்லை கேபிள்தான். இதற்கு வேண்டிய ஐபிஎம் டைப் 1 கேபிள் விரல் தடிமனில் இருக்கும், சொன்ன பக்கம் வளையாது. அதன் கருப்புச் சதுர கனெக்டரில் ஆண் பெண் பேதமில்லை, எதையும் எதோடும் மாட்டலாம். கழற்றினால் தானே உள்ளுக்குள் இணைந்துகொள்ளும் என்பதால் ரிங் இன், ரிங் அவுட் இரண்டையும் காலியாக விட்டாலும் ஒற்றைப் பெட்டி நன்றாக ஓடும். அருமையான வடிவமைப்பு, ஆனால் நான்கு கேபிள் சேர்ந்தால் மேசை நகராது.

இந்தக் கேபிளுக்குப் பயந்துதான் பலர் ஈதர்நெட்டில் பார்க்கும் அதே ஆர்ஜே45 துளை உள்ள ஹப்புக்குப் போகிறார்கள். நியாயம்தான். சாதாரண யூடிபி கேபிள் (ஈதர்நெட்டுக்குப் போடும் மெல்லிய முறுக்குக் கம்பி) போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஈதர்நெட் 1, 2, 3, 6 பின்களைப் பயன்படுத்தும், டோக்கன் ரிங் நடுவில் உள்ள 3, 4, 5, 6ஐப் பயன்படுத்தும். எட்டுக் கம்பியும் நேராக ஓடும் கேபிள் என்றால் பிரச்சினை இல்லை. நான்கு கம்பி மட்டும் போட்ட மலிவான ஈதர்நெட் கேபிள் என்றால் பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. ஒன்பது பின் கொண்ட டிபி9 துளை மட்டும் உள்ள பழைய அட்டையாக இருந்தால் நடுவில் மீடியா ஃபில்டர் என்ற சின்ன மாற்றி வேண்டும், ஏனென்றால் டைப் 1 கேபிளின் மின்மறுப்பு 150 ஓம், யூடிபிக்கு 100 ஓம்.

இந்த வகையில் மின்சாரம் வாங்கி ஓடும் பெட்டிகளில் போர்ட்டுக்கு ஒரு விளக்கு இருக்கும். அது பெரிய நிம்மதி. யார் உள்ளே, யார் வெளியே என்று அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும், காதை வைக்க வேண்டியதில்லை. ஆனால் விளக்கை முழுசாக நம்பிவிடவும் கூடாது. பேன்டம் வந்து ரிலே திரும்பிவிட்டது என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்கிறது, டோக்கன் சுற்றுகிறதா என்பதை அல்ல. சிலவற்றில் வேகத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், பழைய பெட்டியில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, ஐபிஎம் 8230 போன்ற கட்டுப்பாட்டு ஹப். தலைமைப் பெட்டி ஒன்று, அதோடு 20 போர்ட் கொண்ட துணைப் பெட்டிகள், நான்கு வரை சேர்த்தால் 80 போர்ட். சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும், வளையத்தின் பிரதான வழி அறுந்தால் மாற்று வழிக்குத் தானே திரும்பும், தொல்லை தரும் போர்ட்டை வெளியே தள்ளவும் செய்யும். ஒரு கட்டடம் முழுக்க வளையம் ஓடிய காலத்தில் இது தங்கம். மேசையில் மூன்று கணினி வைத்திருப்பவருக்கு இது எறும்பை நசுக்க உலக்கை. டோக்கன் ரிங் சுவிட்ச்களும் உண்டு, அவற்றை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, விட்டுவிடுகிறேன்.

இப்போது இந்த மூன்றும் ஒரே தவறுக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். 16இல் ஓடும் வளையத்தில் 4க்கு அமைத்த ஒரு அட்டையைச் செருகுங்கள். கேபிள் சோதனை தேறிவிடும், ஏனென்றால் அது தன்னோடு தானே பேசும் சோதனை. 8228 எதையும் கேட்காது, 'டக்', உள்ளே. அடுத்த நொடி வளையம் உடைந்து, அட்டைகள் பீக்கன் சட்டங்களை, அதாவது 'வளையம் பழுது' என்று அறிவிக்கும் தகவல் துண்டுகளை (ஃபிரேம்), அனுப்பத் தொடங்கும். பிறகு வழக்கமாகத் தப்பான அட்டை தானே வெளியேறும், மற்றவை மீளும், அதற்குள் நடந்துகொண்டிருந்த கோப்புப் பரிமாற்றம் அறுந்திருக்கும். விளக்குப் பெட்டியிலும் கிட்டத்தட்ட இதேதான், பார்க்க மட்டும் கொஞ்சம் வண்ணமாக இருக்கும். தொல்லை தரும் போர்ட்டைத் தானே வெளியே தள்ளும் வேலை கட்டுப்பாட்டு ஹப்பில் மட்டும்தான்.

ஆனால் பீக்கனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதை அனுப்பும் அட்டை தனக்கு முந்தைய அண்டை அட்டையின் முகவரியையும் சேர்த்து அனுப்பும். பழுது அந்த இரண்டு அட்டைகளிலோ அவற்றுக்கு நடுவிலோதான். 8228இல் வளையம் போர்ட் வரிசையிலேயே ஓடுவதால், எந்த முகவரி எந்த போர்ட்டில் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் விரலை வைத்துக் காட்டிவிடலாம். அந்தத் தாள் இருந்தால் விளக்கு இல்லாத குறை பாதி தீர்ந்துவிடும்.

சோதிக்க எனக்குப் பிடித்த கணினி பழைய லினக்ஸ் போட்டது. பழைய என்று அழுத்திச் சொல்கிறேன், 2012இல் வந்த 3.5 கர்னலிலேயே டோக்கன் ரிங் ஆதரவைத் தூக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய கர்னல்களில் பெரும்பாலான ஐபிஎம் பிசிஐ அட்டைகளுக்கு ஒலிம்பிக் டிரைவர் போதும், அதில் வேகத்தை 4 அல்லது 16 என்று நேரடியாகக் குறிப்பிட்டுவிடலாம், தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். முதலில் ஒரு கணினி தனியாக உள்ளே போக வேண்டும், அது தானே ஆக்டிவ் மானிட்டர், அதாவது வளையத்தைக் கண்காணிக்கும் தலைவர், ஆகும். பிறகு இரண்டாவது. பிறகு பிங் (அனுப்பியதற்குப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), அதுவும் 1900 பைட் அளவில், ஏனென்றால் இங்கே லினக்ஸின் எம்டியூ, அதாவது ஒரு சட்டத்தில் போகக்கூடிய அதிகபட்ச அளவு, அதைவிடப் பெரியது, அது ஒரே சட்டத்தில் போகும், மோசமான கேபிள் அங்கே பல்லைக் காட்டும். மூன்றாவது கணினியையும் உள்ளே சேர்த்து, பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கேபிளைப் பிடுங்குங்கள். ஒன்றிரண்டு பதில் தவறி மறுபடி தொடர்ந்தால் ஹப் நல்லது. தொடரவே இல்லை என்றால் அந்த போர்ட்டின் ரிலே திரும்பவில்லை என்று பொருள்.

என் தேர்வு? கேபிள் கையில் இருந்தால் 8228, சந்தேகமே இல்லை. கேபிளுக்கு அலைய நேரமில்லை என்றால் ஆர்ஜே45 பெட்டி, ஆனால் அதன் பவர் அடாப்டர் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். என் மேசையில் இப்போது இருப்பது 8228தான், ஐந்தாம் போர்ட்டில் இன்னும் டேப் ஒட்டியிருக்கிறது.