மதுரை வெயிலில் ஒரு மாடித் தோட்டம்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மாடித் தோட்டம் போட்டால் மனம் அமைதியாகிவிடும் என்று சொல்பவர்கள், மதுரையின் மே மாதப் பிற்பகலில் தலை தொங்கி நிற்கும் கத்தரிச் செடிகளைப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். அது அமைதியைத் தந்ததைவிடத் தொந்தரவு தந்ததுதான் அதிகம். எனக்குத் தேவைப்பட்டதும் அந்தத் தொந்தரவுதான்.

தோட்டத்துக்கு முன்பு என் நாள் எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே கணினியில் வேலை, ஏசி அறை, பொத்தானை அழுத்தினால் வாசலுக்கு வரும் சாப்பாடு, இரவில் எந்தப் படம் பார்ப்பது என்று தேடியே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு எதையும் பார்க்காமல் படுப்பது. குறை என்று எடுத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமோத்தி வில்சன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தனி அறையில் 15 நிமிடம் சும்மா உட்கார வைக்கப்பட்டவர்களிடம் விரும்பினால் அழுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தான் கொடுக்கப்பட்டது. அழுத்தினால் லேசான மின்னதிர்ச்சி. 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பு இல்லை. கைபேசியை நான் எடுத்து எடுத்துப் பார்த்ததும் ஏறக்குறைய அதே காரணத்தால்தான்.

பசுமையைப் பார்த்தாலே நலம் என்பதற்கும் சான்று உண்டு. ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வு புகழ் பெற்றது: பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டபோது, சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. நோயுற்றவருக்கு அது சரி. உடம்பில் ஒன்றும் இல்லாமல் சலித்துக் கிடந்த என் விஷயத்தில், வெறுமனே பார்ப்பது சில வாரங்களிலேயே பழகிப்போனது. மேசையருகே வைத்த மணி பிளாண்ட் இன்னும் இருக்கிறது. அதை நான் கவனிப்பதே இல்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். செடி வளர்க்கும் பைகளான குரோ பேக்குகளைத் தட்டோட்டின் மேல் நேரடியாக வைக்காமல், செங்கல் அடுக்கி அதன் மேல் வைப்பது நல்லது. கோகோபீட் எனும் தேங்காய் நார்த் தூளிலிருந்து வழியும் பழுப்பு நீர் தளத்தில் கறை பிடிக்கும். அடியில் ஈரம் தங்கினால் நாளடைவில் கூரைக்கும் கேடு. கோகோபீட் கட்டியில் உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே செம்மண்ணோடும் மண்புழு உரத்தோடும் சம அளவில் கலக்கிறேன். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் வயலுக்கு எவ்வளவு அருமையானதோ, பைக்கு அவ்வளவு தொல்லை: காய்ந்தால் வெடித்து, ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. தொடர்ந்து ஊற்றினால் பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கிறது. குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு அதைவிட அதிகம். இதற்கு எனக்குக் கிடைத்த எளிய வழி ஏசி குழாயில் சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. ஓர் இரவுக்கு ஒரு வாளியாவது சேர்ந்துவிடும். என்னைச் சோம்பேறியாக்கிய கருவியே இப்போது தினமும் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற வைக்கிறது.

பூச்சிகளில் மாவுப்பூச்சியே முதல் எதிரி. செம்பருத்தித் தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்தால் கட்டுக்குள் வருகிறது. ஒரே முறையில் போகாது. வாரம் ஒருமுறை திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும்.

சலிப்புக்கு மருந்து என்று ஒரே ஒரு செடியைச் சொல்லச் சொன்னால் பீர்க்கனைச் சொல்வேன். அதன் பூக்கள் காலையில் விரிவதில்லை. மாலையில், விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்பாக விரிகின்றன. ஆண் பூக்கள் கொத்தாக வரும். பெண் பூ தனியாக, இதழ்களுக்கு அடியில் விரல் நுனியளவு பிஞ்சோடு வரும். மாடியில் வண்டுகள் குறைவு என்பதால் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத் தூளை அன்றைக்கு விரிந்த பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் நாமே தடவ வேண்டும். தடவாவிட்டால் பிஞ்சு பழுத்துச் சுருங்கி விழுந்துவிடும். தடவினால் இரண்டொரு நாளில் பிஞ்சு தடிக்கத் தொடங்கும். அந்த அரை மணி நேரத்தைத் தள்ளிப்போட முடியாது. அலுவலகக் கூட்டத்தைக்கூட நாளைக்கு என்று மாற்றலாம், பீர்க்கம்பூவை மாற்ற முடியாது. மாலை ஐந்தரைக்கு மேல் எனக்கு வேலை இருக்கிறது என்று நான் கூட்டங்களில் சொல்லப் பழகியது இதனால்தான்.

சலிப்பைத் தீர்ப்பது இந்தத் தொந்தரவுதானா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் அமைந்தது. இரண்டாம் ஆண்டில் சொட்டுநீர்க் குழாயும் டைமரும் பொருத்தினேன். செடிகளுக்குக் குறையில்லை, விளைச்சல் சற்றுக் கூடவும் செய்தது. ஆனால் நான் மாடிக்குப் போவது குறைந்தது, மாலைகள் மறுபடி கைபேசிக்குள் போயின. தோட்டமும் வாசலுக்கு வரும் சாப்பாட்டைப் போல ஆகிவிட்டது. இப்போது ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் டைமரை இயக்குகிறேன். சொட்டுநீர் அருமையான ஏற்பாடு, தண்ணீரும் மிச்சம். விளைச்சலுக்காகத் தோட்டம் வைப்பவர்கள் தயங்காமல் போடலாம். சலிப்பு தீர வேண்டும் என்று வருபவர்கள் முதல் ஆண்டிலாவது கையால் ஊற்றுவதே நல்லது.

மல்லிகையைச் சொல்லாமல் மதுரையில் தோட்டக் கதை முடியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் பதியன்கள் (கிளையை வேர்விட வைத்து எடுத்த கன்றுகள்) பெரும்பாலும் இராமேசுவரத்தை ஒட்டிய தங்கச்சிமடம் பக்கத்து மணற்பாங்கிலிருந்து வருகின்றன. கார்த்திகையில் ஈவிரக்கமின்றிக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால், மாசி பங்குனியில் துளிர்த்து மொட்டு வைக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டித் தக்காளிப் பூக்களெல்லாம் காய் பிடிக்காமல் உதிரும் சித்திரையில்தான் மல்லிகை உச்சத்தில் இருக்கும். எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா ஒருமுறை மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, “தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டாப் பறிச்சிரணும். விரிஞ்சப்புறம் பறிச்சா யாருக்கு ஆகும்?” என்று கேட்டார். அன்றிலிருந்து விடியற்காலையில் எழுகிறேன். இதற்கு முன் எந்த அலாரமும் இதைச் சாதித்ததில்லை.

குறைகளும் உண்டு. திருப்பரங்குன்றம் பக்கம் என்பதால் மயில்கள் வருகின்றன. முளைத்த கீரைப் பாத்தியை ஒரே காலையில் துடைத்துவிட்டுப் போகும். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, போதாக்குறைக்கு முருகன் வாகனம். “சாமி வந்து சாப்பிட்டுப் போகுது, விடுங்க தம்பி” என்கிறார் எதிர்வீட்டுப் பெரியவர். அவர் கீரை போடுவதில்லை. வலை கட்டிய பிறகே நிலைமை சீரானது. பணக் கணக்குப் பார்த்தால் காய்கறிச் செலவு பெரிதாகக் குறையவில்லை; நிழல்வலையும் பைகளும் நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுக்குமேல் தாங்குவதில்லை என்பதால் மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. முதுகுவலி உள்ளவர்கள் பைகளை இடுப்பு உயரத் தாங்கியில் வைப்பது நல்லது.

தொடங்க நினைப்பவர்கள் கோடையில் இறங்காமல் ஆடிப் பட்டத்துக்குக் காத்திருந்து ஐந்தாறு பைகளோடு தொடங்கலாம். வெண்டையும் கொத்தவரையும் அதிகம் சோதிக்காது. வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். தக்காளியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். மல்லிகைப் பதியனை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். அது நிறைந்து பூக்க இரண்டாவது ஆண்டு ஆகும்.