எஸ்பி203580: மைக்ரோக்ளியா அழற்சிச் சோதனைக்கு இது ஒன்றே போதுமா?

பி38 கைனேஸை (மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏற்றி அழற்சிச் செய்தியைக் கடத்தும் நொதி) அடக்கிப் பார்க்க வேண்டும் என்றதும் ஆய்வகத்தில் முதலில் கைக்கு வருவது எஸ்பி203580 என்ற தடுப்பான் குப்பிதான். விற்பவர்கள் பலர், உள்ளே இருக்கும் மூலக்கூறு ஒன்றே. ஸ்மித்க்லைன் பீச்சம் நிறுவனம் தந்த பிரிடினைல் இமிடசோல் வகை இது. 1990களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோக்ளியாவில் எல்பிஎஸ் (பாக்டீரியா உறையிலிருந்து வரும் தூண்டுபொருள்) கிளப்பும் அழற்சியில் பி38-இன் பங்கைப் பிரித்தறிய இது உதவுமா என்றால், உதவும். ஆனால் அளவு தெரியாமல் போட்டால் காலை வாரிவிடும்.

வெளிர் நிறத் தூள், மூலக்கூறு எடை 377.4. தண்ணீரில் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் சிரமமில்லாமல் கரையும். 5 மில்லிகிராம் குப்பியில் 1.325 மில்லிலிட்டர் ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ விட்டால் 10 மில்லிமோலார் ஸ்டாக் (செறிந்த இருப்புக் கரைசல்) தயார். சிறு பங்குகளாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20 பாகையில் வைக்கலாம்; ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கக் கூடாது. தண்ணீரில் கரையும் ஹைட்ரோகுளோரைடு உப்பும் கிடைக்கிறது. அதன் எடை 413.9. லேபிளைப் பார்க்காமல் பழைய கணக்கையே போட்டால் ஸ்டாக் ஏறக்குறைய 9 சதவீதம் நீர்த்துப்போகும்.

இனி அளவு. குழாய்ச் சோதனையில் பி38-இன் நான்கு வகைகளில் ஆல்ஃபாவின் செயலைப் பாதியாகக் குறைக்க 50 நேனோமோலார், பீட்டாவுக்கு 500 நேனோமோலார் என்று விவரத்தாளில் இருக்கும். காமா, டெல்டா இரண்டையும் இது தொடாது. பாஸ்பேட் தரும் ஏடிபி கைனேஸில் உட்காரும் இடத்துக்குத்தான் போட்டி போடுகிறது; உயிருள்ள செல்லில் ஏடிபி மில்லிமோலார் கணக்கில் இருப்பதால் அதே 50 நேனோமோலார் அங்கே போதாது. அதற்காக 10, 20 மைக்ரோமோலார் என்று ஊற்றுவதும் சரியல்ல. அந்த உயரத்தில் யாரைத் தடுத்தோம் என்றே தெரியாது. 0.3, 1, 3 மைக்ரோமோலார் என்று ஏறுவரிசையில் வைத்து, பலன் எங்கே சமன்படுகிறது என்று பார்ப்பதே சரி. ஒவ்வொரு அளவுக்கும் டிஎம்எஸ்ஓவிலேயே ஆயிரம் மடங்குச் செறிவில் தனி ஸ்டாக் செய்துகொண்டால் தட்டின் எல்லாக் கிணற்றிலும் (செல் வளரும் குழி) டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தில் நிற்கும். அந்த டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட கிணறும் கட்டாயம் வேண்டும்.

செல்லில் விட்டு 30 முதல் 60 நிமிடம் கழித்து எல்பிஎஸ் (மில்லிலிட்டருக்கு 100 நேனோகிராம்) சேர்க்கலாம். இந்தத் தடுப்பு மீளக்கூடியது. இடையில் ஊடகத்தை மாற்றிக் கழுவினால் மருந்தும் போய்விடும். இன்னொரு சிக்கல், பி38 ஒரு அழுத்தக் கைனேஸ். குளிர்ந்த ஊடகம் பட்டாலே, செல்லைச் சுரண்டினாலே அது விழித்துக்கொள்ளும். எல்பிஎஸ்ஸை வெதுவெதுப்பான ஊடகத்தில் 10 மடங்குச் செறிவில் கலந்து மெல்லச் சேர்ப்பதும், தூண்டாத கிணற்றுக்கும் அதே அளவு வெறும் ஊடகம் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை). எல்பிஎஸ் கொடுத்த 15 முதல் 30 நிமிடத்தில் பாஸ்போ-பி38 (பாஸ்பேட் ஏறிய பி38) பட்டை உச்சத்தில் இருக்கும். தடுப்பான் போட்ட வரிசையிலும் அது அப்படியே இருப்பதைப் பார்த்து, மருந்து கெட்டுவிட்டது என்று குப்பியைத் தூக்கிப் போடுகிறார்கள். பாவம் குப்பி! பி38-இன் மேல் பாஸ்பேட் ஏற்றுவது எம்கேகே3, எம்கேகே6 என்ற மேல்நிலைக் கைனேஸ்கள். எஸ்பி203580 அவற்றைத் தடுப்பதில்லை. பி38 அடுத்த புரதத்தின் மேல் கை வைப்பதைத்தான் தடுக்கிறது. சில வேளை பட்டை கூடவும் செய்யும்: பி38 வழக்கமாக டிஏபி1 என்ற துணைப்புரதம் வழியாக, எம்கேகேக்களுக்கும் மேலே உள்ள டிஏகே1 கைனேஸை அடக்கி வைக்கிறது; அந்தப் பிடி தளர்ந்தால் டிஏகே1 துள்ளும், கூடவே ஜேஎன்கே, என்எஃப்-கப்பாபி என்ற மற்ற அழற்சிப் பாதைகளும் ஏறலாம். எனவே பார்க்க வேண்டியது பி38-இன் நேர் இலக்கான எம்கே2-இல் பாஸ்பேட் ஏறியதா என்று, அதாவது பாஸ்போ-எம்கே2 (மனிதப் புரத எண்ணிக்கையில் த்ரியோனைன் 334). பக்கத்திலேயே பாஸ்போ-ஜேஎன்கேயும் ஓட்டிவிடுங்கள்.

அழற்சிப் புரதமான டிஎன்எஃப் அளவை 4 முதல் 6 மணி நேரத்தில் எலைசாவில் (எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) பார்க்கலாம். நைட்ரிக் ஆக்சைடு உருவானதைக் காட்டும் நைட்ரைட்டுக்கு 24 மணி நேரம் வேண்டும். டிஎன்எஃப் குறைந்தால் எல்லா அழற்சியும் குறைந்தது என்று எழுதிவிடக் கூடாது. எம்கே2 வழியாக டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ நிலைத்திருப்பது பி38-இன் ஒரு வேலை. எம்எஸ்கே1, எம்எஸ்கே2 கைனேஸ்கள் வழியாக ஐஎல்-10, டியூஎஸ்பி1 போன்ற, அழற்சியை அடக்கும் பிரேக்குகளை உருவாக்குவதும் அதே பி38தான். தடுப்பான் இரண்டையும் சேர்த்தே தட்டுகிறது.

பெரிய குறை குறிதவறல். ஆர்ஐபிகே2, ஜிஏகே, கேசீன் கைனேஸ்-1 ஆகிய வேறு கைனேஸ்களையும் இது பிடிக்கும். பாக்டீரியாத் துணுக்கான முராமில் டைபெப்டைடை உணரும் என்ஓடி2 ஏற்பியின் செய்தியைச் சுமப்பதே ஆர்ஐபிகே2. ஆகவே முராமில் டைபெப்டைடு கொண்டு தூண்டும் சோதனையில் இதைத் தொடவே வேண்டாம். பிவி-2 செல் (சுண்டெலி மைக்ரோக்ளியா செல் வரிசை) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அந்தச் செல் வரிசையே வி-ராஃப், வி-மிக் என்ற வைரஸ் புற்று மரபணுக்களைச் செலுத்தி அழியாத்தன்மை பெற்றது. எஸ்பி203580 சில செல்களில் செல்லின் சொந்த ராஃபான சி-ராஃபை எதிர்பாராமல் தூண்டிவிடும் என்பது தெரிந்ததே. ராஃபைச் சுமக்கும் செல்லில் ராஃபைச் சீண்டும் மருந்து என்றால் ராஃபுக்குக் கீழே உள்ள ஈஆர்கேயின் பாஸ்போ வடிவத்தையும் ஓட்டாமல் முடிவு சொல்ல முடியாது. முடிந்தால் மூளையிலிருந்து நேரடியாக எடுத்த முதன்மை மைக்ரோக்ளியாவிலும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

துணைக்கு வேறு அமைப்புள்ள பி38 தடுப்பானான பிஐஆர்பி-796-ஐ 0.1 மைக்ரோமோலாரில் வையுங்கள். மெதுவாகப் பிணையும், 2 மணி நேரம் முன்னதாகவே சேர்க்க வேண்டும். இதில் பாஸ்போ-பி38 பட்டையும் மங்கலாம். இரண்டிலும் ஒரே பலன் வந்தால் நம்பலாம். எதிர்க்கட்டுப்பாடாக (பி38-ஐத் தடுக்காத ஒப்பீட்டு மூலக்கூறாக) விற்கும் எஸ்பி202474 பயனுள்ளதுதான், ஆனால் பி38 தவிர்த்த இலக்குகளை அது எஸ்பி203580 போலவே பிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உறுதியான சான்று வேண்டுமென்றால் த்ரியோனைன் 106-ஐ மெத்தியோனைனாக மாற்றிய பி38 ஆல்ஃபாவைச் செல்லில் ஏற்றுங்கள்: மருந்து அதில் உட்காராது, உண்மையிலேயே பி38தான் காரணம் என்றால் டிஎன்எஃப் திரும்பி வரும்.

உயிருள்ள விலங்கில் இதைத் தேர்ந்தெடுக்கப் பரிந்துரைக்க மாட்டோம். இந்த வகை மூலக்கூறுகள் மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதிகளோடு மோதும். மூளைக்குள் சென்று சேரும் பி38 ஆல்ஃபா தடுப்பான் வேண்டுமென்றால் நெஃப்ளமாபிமோட் இருக்கிறது.